பத்தொன்பது பழைய விதிகள்

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடத்துக்கு, மூன்றாவது மாடியில் உள்ள எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து அந்தப் பார்சரின் நான்காம் பதிப்பு வெளியானது. வெளியிட்டது என் மனைவி. நான் எதிரே உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள், பத்து வினாடி திரையைப் பார்த்தாள், மடிக்கணினியை மூடிவிட்டுக் குளிக்கப் போனாள்.

அவளுக்குச் சம்பளம் கொடுப்பது லிஃப்ட் தயாரிக்கும் ஒரு நிறுவனம். எந்த மாடிப் பொத்தானை அழுத்தினால் லிஃப்ட் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதுவது அங்கே அவள் வேலை. பார்சர் அதற்கு வெளியே, பதினோரு வருடமாக நடக்கிறது. அது என்ன என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால் நான் இப்படிச் சொல்வேன். ஒரு தேதியை எப்படி எழுத வேண்டும்? இரண்டு இலக்கம், ஒரு கோடு, இரண்டு இலக்கம், ஒரு கோடு, நான்கு இலக்கம். இதை ஒரு விதியாக எழுதி வைத்துவிட்டால், எதிரே வருவது தேதியா இல்லையா என்று எந்தக் கணினியும் சொல்லிவிடும். இப்படி விதி எழுதுவதற்கென்றே ஒரு குறியீட்டு முறை உண்டு. இடப்பக்கம் பெயர், நடுவில் சமக்குறி, வலப்பக்கம் அந்தப் பெயருக்கு உரிய வடிவம். அப்படி எழுதிய விதிகளைப் படித்து, ஒழுங்காக எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் கணினிக்குப் புரியவைக்கும் நிரல்தான் அவளுடைய பார்சர். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். திருத்தி அனுப்புகிறவர்களைவிடத் திட்டி அனுப்புகிறவர்கள் அதிகம்.

மாதத்துக்கு நான்கு லட்சம் தடவை யார் யாரோ அதை இறக்கிக்கொள்கிறார்கள். யார், எதற்கு என்பது அவளுக்குத் தெரியாது. இதில் எனக்குத்தான் அவளைவிட ஆவல் அதிகம். நான் எடுக்கும் பாடத்தைக் கேட்பது நாற்பது முகங்கள். யார் தூங்குகிறார்கள் என்பது உட்பட எனக்குத் தெரியும். நான்கு லட்சம் பேரில் ஒருவர் முகம்கூடத் தெரியாமல் ஒருத்தியால் எப்படி வேலை செய்ய முடிகிறது? கேட்டால் சிரிப்பாள். "வாசக் கதவு மாதிரிதாங்க. கிரீச்சுன்னு சத்தம் போட்டாத்தான் அது அங்க இருக்கிறதே தெரியும்."

அவளோடு சேர்ந்து இந்தப் பார்சரைப் பார்த்துக்கொள்கிறவன் ஒருவன் உண்டு. வேறு கண்டத்தில் இருக்கிறான். யார் எழுதி அனுப்பினாலும் பாதியை வெட்டிவிடுவான் என்பதால் கத்தரி என்று அவள் பெயர் வைத்தாள். அவன் இவளைத் தலைவி என்று கூப்பிடுகிறான். ஏழு வருடப் பழக்கம், எல்லாம் போனில்தான். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை.

நான்காம் பதிப்பில் இருந்த பெரிய மாற்றம் கத்தரியின் பிடிவாதத்தால் வந்தது. அதற்கு முன்பெல்லாம் ஒரு கோப்பில் ஒரே பெயருக்கு இரண்டு விதி எழுதியிருந்தால், பார்சர் வாய் திறக்காமல் கடைசியில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். முன்னால் இருப்பது இருந்தும் இல்லாததுபோல. "ஒரே பேருக்கு ரெண்டு விதி இருந்தா ஒண்ணு தப்பாத்தான் இருக்கணும், தலைவி. பார்த்துட்டும் பேசாம இருந்தா நாமளும் உடந்தை" என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஓடுகிற வண்டியில் எதற்குக் கை வைக்க வேண்டும் என்று அவள் தள்ளிப்போட்டு வந்தாள். கடைசியில் ஒப்புக்கொண்டாள். நான்காம் பதிப்பிலிருந்து, பெயர் இரட்டித்தால் பார்சர் பிழை என்று சொல்லி நின்றுவிடும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், குறைகளைப் பதியும் பக்கத்தில் 1187 என்ற எண்ணுடன் ஒரு கடிதம் வந்திருந்தது. அந்தப் பக்கத்தில் தமிழில் வந்த முதல் கடிதம் அதுதான். அவள் எனக்குப் படித்துக் காட்டினாள்.

"வணக்கம். புதன்கிழமை காலையிலிருந்து என் தம்பியின் பலகை பேசவில்லை. தானாகவே ஏதோ புதுப்பித்துக்கொண்டது. விதி இருமுறை வந்துள்ளது என்று 83 இடத்தில் பிழை காட்டுகிறது. நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். விதிகள் நான் எழுதியவைதான். எவற்றை அழிக்க வேண்டும் என்று சொன்னால் அழித்துவிடுகிறேன். தயவுசெய்து சீக்கிரம் சொல்லவும். அவனால் வேறு விதமாகப் பேச முடியாது."

இருபது நிமிடத்துக்கு முன்பே கத்தரி அந்தக் கடிதத்தை மூடியிருந்தான். 'எதிர்பார்த்தபடியே செயல்படுகிறது' என்று ஒரு சீட்டும் ஒட்டியிருந்தான். அவனைக் கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"படிச்சியா, இல்ல தலைப்பைப் பார்த்துட்டு மூடிட்டியா?"

"எம்பத்திமூணு இரட்டிப்புன்னு இருந்துச்சு. நாம போட்ட பூட்டு நல்லா வேலை செய்யுதுன்னு சந்தோஷப்பட்டேன்."

"கடைசி வரியைப் படி."

மறுமுனையில் அவன் முணுமுணுத்துப் படிப்பது கேட்டது. பிறகு, "ஐயையோ" என்றான். "பழைய வெர்ஷனுக்குத் திரும்பிடச் சொல்லு தலைவி. இப்பவே. நான் மறுபடி திறந்து வைக்கிறேன்."

கடிதம் எழுதியவரின் எண்ணை வாங்கி, அரை மணி நேரம் போனில் இருந்து, எந்த இடத்தைத் தொட வேண்டும், எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். இடையிடையே, "அவசரப்படாதீங்க அக்கா, நீங்க கெடுக்கிற அளவுக்கு அங்க ஒண்ணும் இல்ல" என்றாள். அப்போதுதான் மற்ற விவரங்களும் தெரிய வந்தன. தம்பி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். முப்பத்தெட்டு வயதில் மூளைத் தண்டில் ரத்த அடைப்பு. ஆறு வருடமாகப் படுக்கை. அறிவுக்கும் காதுக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் இல்லை. அசைவது வலக்கை மோதிர விரல் ஒன்றுதான். அந்த விரலுக்கு அடியில் ஒரு பொத்தான். குறுகிய அழுத்தல், நீண்ட அழுத்தல் என்று இரண்டே வகை. குறுகிய இரண்டும் நீண்டது ஒன்றும் சேர்ந்தால் தண்ணீர். இப்படி இருநூற்று நாற்பது சொற்கள். சொல் இடப்பக்கம், அழுத்தல் வரிசை வலப்பக்கம். அழுத்தல் பொருந்தினால் பலகை அந்தச் சொல்லைக் குரலில் சொல்லும்.

பலகையைப் பொருத்திய டெக்னீஷியன் அந்த அக்காவுக்கு விதி எழுதக் கற்றுக்கொடுத்திருக்கிறார். முதல் வாரமே அக்கா ஒரு வரியை அழிக்கப் போய்க் கோப்பு மொத்தமும் குலைந்துவிட்டது. அதிலிருந்து டெக்னீஷியன் ஒரே ஒரு புத்தி சொன்னாராம்: மேலே இருப்பதைத் தொடாதீர்கள், புதிது வேண்டுமானால் கீழே எழுதுங்கள், கடைசியில் இருப்பதுதான் செல்லும். விரலின் பலம் குறையக் குறைய, ஆறு அழுத்தலாக இருந்த சொல்லை நான்காக்கி, நான்கை இரண்டாக்கிக் கீழே கீழே எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். பழையது எதுவும் அழியவில்லை. என் மனைவியும் கத்தரியும் குறை என்று நினைத்து மூன்று வருடம் சண்டை போட்ட ஒன்றின் மேல் இந்த அக்கா ஆறு வருடமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பலகை பேசிவிட்டது என்று அக்கா கூப்பிட்டார்.

"முதல்ல என்ன சொன்னார்?" என்று கேட்டாள் என் மனைவி.

"'மடையன்'னான்."

"யாரை?"

"கேட்டேன். பதில் சொல்லல."

இதைக் கேட்ட கத்தரி, "எனக்குத்தான். பத்திரமா வாங்கிக்கிட்டேன்னு சொல்லிடு" என்றான்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். பழைய பதிப்பிலேயே எத்தனை நாள் இருக்க முடியும், கோப்பை அனுப்புங்கள், இரட்டிப்புகளை நீக்கி ஒழுங்காக எழுதித் தருகிறேன் என்று என் மனைவி சொன்னாள். அக்கா கோப்பை அனுப்பும்போது, பக்கத்தில் இருந்த இன்னொரு கோப்பையும் சேர்த்து அனுப்பிவிட்டார். அது பலகை எழுதிக்கொண்டு வரும் பதிவு. ஒவ்வோர் அழுத்தலும், அதன் நேரமும், அது எந்தச் சொல்லாகப் பொருந்தியது என்பதும் பதினான்கு மாதத்துக்கு அதில் இருந்தன. பொருந்தாதவற்றுக்கு எதிரே ஒரு சிறு கோடு. கோடு போட்ட வரிகள் ஆறாயிரத்துச் சொச்சம். கை நடுக்கம் என்று அக்கா சொல்லியிருந்தார்.

மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை காலை. நான் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். "இங்க கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டாள். நீக்கப்போகும் பழைய விதிகளைப் பதிவின் மேல் ஒரு முறை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். வேறு காரணம் இல்லை, சும்மா ஓர் ஆவல். கோடு போட்ட ஆறாயிரம் வரிகளில் இரண்டாயிரத்துக்கும் மேல் பழைய விதிகளோடு பொருந்தின.

"தற்செயலா இருக்கும்" என்றேன். கணக்கு வாத்தியாருக்கு முதலில் வருவது சந்தேகம்தான். இரண்டு அழுத்தல், மூன்று அழுத்தல் வரிசைகள் நடுக்கத்திலேயே பொருந்திப்போகும். அவற்றைத் தள்ளிவிடச் சொன்னேன். ஐந்தும் அதற்கு மேலும் அழுத்தல் உள்ளவற்றை மட்டும் எடுத்தோம். எழுநூற்றுப் பதினாறு வரிகள் மிஞ்சின. அத்தனையும் பத்தொன்பது பழைய விதிகளுக்குள் அடங்கின. நடுக்கம் என்றால் எல்லாவற்றிலும் சிதறியிருக்க வேண்டும். ஒரு கட்டத்தாளை எடுத்து, கிடையில் நேரம், நெட்டில் எண்ணிக்கை என்று புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். பகல் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிக்குள் புள்ளிகள் எறும்புபோல மொய்த்தன. அக்கா கடையில் இருக்கும் நேரம் அது. பகலில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வரும் அம்மாள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரமும் அதுதான் என்று பிறகு தெரிந்தது.

என் மனைவி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். "பதினாலு மாசமா ஒரு மனுஷன் பேசிக்கிட்டே இருந்திருக்கார். நான் எழுதினது அவர் வாயைப் பொத்தியிருக்கு."

அன்றே ஒரு திருத்தம் எழுதத் தொடங்கினாள். ஒரே பெயருக்கு இரண்டு விதி இருந்தால் இரண்டையும் ஏற்றுக்கொள்வது. பழைய வரிசையை அழுத்தினாலும் பேசும், புதியதை அழுத்தினாலும் பேசும். அவள் தட்டச்சு செய்வதைப் பார்த்துக்கொண்டே நான் கட்டத்தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒன்று உறுத்தியது. ஆறு அழுத்தல் என்றால் அவருக்கு இருபது வினாடி உழைப்பு. இரண்டு அழுத்தலில் போய்ச் சேர வழி இருக்கும்போது யாராவது சுற்றுவழியில் போவார்களா? பழைய பழக்கம் என்றால் எல்லா நேரத்திலும் அல்லவா வர வேண்டும்?

அவளிடம் சொன்னேன். தட்டச்சு நின்றது. பதிவைத் திறந்து ஏதோ ஒரு நாளின் பிற்பகலை எடுத்தாள். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு ஒரு சொல், பழைய வரிசையில், ஐந்து தடவை. ஐந்து தடவையும் கோடு. மூன்று மணி நாற்பதுக்குத் 'தண்ணீர்', புதிய வரிசையில், ஒரே தடவை, பொருந்தியது. இன்னொரு நாள். இன்னொன்று. பத்து நாள் பார்த்தோம். கேட்க வேண்டியதைப் புதிய வரிசையில் கேட்டிருக்கிறார். எது பேசும், எது பேசாது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கத்தரியைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன், "கிணறு வெட்டப் பூதம் கிளம்பிருச்சு" என்றான். பிறகு, "அந்தத் திருத்தத்தை அனுப்பிடாத தலைவி" என்றான்.

"நீயா சொல்ற? அவர் கூப்பிட்டு யாருக்கும் கேக்கலன்னா?"

"கேக்கக் கூடாதுன்னு பேசியிருந்தா? நான் பாத்ரூம்ல எங்க மேனேஜரைத் திட்டுவேன். ஒருத்தன் அதை ஆபீஸ் ஸ்பீக்கர்ல போட்டான்னா நான் என்ன ஆவேன்? விதியைப் படிக்கிறது நம்ம வேலை. அவர் மனசைப் படிக்கிறது இல்ல."

"சரி, அப்ப யார் சொல்றது எதுன்னு?"

"அவருக்குத்தான் பேச்சு வந்துடுச்சே" என்றான்.

அக்காவிடம் போனில் விஷயத்தைச் சொன்னபோது அவர் கடையில் இருந்தார். பின்னால் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "என்ன சொல்லெல்லாம்?" என்று கேட்டார். என் மனைவி, "அதை அவர் முன்னாடியே பேசிக்கலாம் அக்கா" என்றாள். "அப்ப வந்துடுங்க" என்றார்.

மார்ச் 29, சனிக்கிழமை. ரயிலில் இரண்டு மணி நேரம். நிலையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில் வீடு. கட்டிலும் சக்கர நாற்காலியும் போய்வர அறைக்கதவை அகலப்படுத்தியிருந்தார்கள்; நிலையைச் சுற்றிப் பூசிய சிமென்டுக்கு இன்னும் வண்ணம் அடிக்கவில்லை. கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்தது. எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர், சுவருக்குக் கீழே மூன்று கார் நிற்கும் இடம். கட்டிலோடு இணைத்த இரும்புக் கையில் பலகை. தட்டு அளவில் ஒரு திரை, கீழே ஒலிபெருக்கி. ஒரு ரூபாய் நாணய அளவில் இருந்த பொத்தானைக் காகித நாடாவால் விரலுக்கு அடியில் ஒட்டியிருந்தார்கள். அலமாரியில் மஞ்சள் தலைக்கவசம் ஒன்று, தூசி இல்லாமல். அக்காவின் விரல் நுனிகள் தேய்ந்து வழவழவென்று இருந்தன. தன் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

தம்பியின் காதருகே குனிந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "இவங்கதான்டா... அந்தப் புரோகிராம்... எழுதினவங்க."

"தெரியும்" என்றது பலகை. ஆண் குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல்.

"காதெல்லாம் பாம்புக் காது. நான்தான் மறந்துடறேன்" என்று அக்கா நிமிர்ந்தார்.

என் மனைவி முக்காலியை இழுத்துப்போட்டு, அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தாள். "உங்களை எப்படிக் கூப்பிடறது? சார்னா, அண்ணான்னா?"

விரல் அசைந்தது. "கிரேன்."

"துறைமுகத்துல எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்றார் அக்கா. "கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் பலகையில பொம்பளை குரல் இருந்துச்சு. மாத்தத் தெரியல. மூணு மாசம் கிரேன் பொம்பளையா பேசினான். அவன் கூட்டாளிங்க சிரிக்கறதுக்குன்னே வந்துட்டுப் போவாங்க."

கிரேனின் முகத்தில் எதுவும் அசையவில்லை. கண்கள் மட்டும் அக்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பின. என் மனைவி நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். கோப்பு வந்தது, கூடவே பதிவும் வந்தது, பழைய விதிகளை அதன் மேல் ஓட்டிப் பார்த்தது, எல்லாம். அவர் முடிக்கவிடவில்லை.

"படி" என்றது பலகை. சற்றுப் பொறுத்து, "கேள்வி."

"படிச்சீங்களான்னு கேக்கறான்" என்றார் அக்கா.

"ஆமா. படிச்சேன்" என்றாள். "கேக்காம படிச்சிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கங்க." அவள் காது சிவந்திருந்தது. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அப்படி இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். அவளைத் தனியாக மாட்டிவிட மனமில்லாமல், "எண்ணிப் பார்த்தது நான்தான். கட்டத்தாள்ல புள்ளி வச்சு" என்றேன்.

கண்கள் என் பக்கம் வந்தன. விரல் அழுத்தத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, சற்று ஓய்வு, மூன்று. நெற்றியில் வேர்வை பூத்தது. மொத்தம் ஒன்பது அழுத்தல். அரை நிமிடத்துக்கு மேல் ஆனது. எல்லோரும் காத்திருந்தோம்.

"மடையன்" என்றது பலகை.

முதலில் சிரித்தது அக்காதான். அடக்கப் பார்த்து முடியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முன்னாடி அது அஞ்சு அழுத்தல்தாங்க. வர்றவங்க போறவங்க எல்லாரையும் சொல்றான்னு நான்தான் ஒம்பதா மாத்தி எழுதினேன். கஷ்டமா இருந்தா சொல்ல மாட்டான்னு பார்த்தேன்."

"அந்த அஞ்சும் பத்தொம்பதுல ஒண்ணு" என்றாள் என் மனைவி.

பிறகு அவள் மடிக்கணினியைத் திறந்து, திரை அவருக்கு மட்டும் தெரியும்படி வைத்தாள். நீங்கள் இன்னும் அழுத்திக்கொண்டிருக்கும் பழைய வரிசைகள் பத்தொன்பது இருக்கின்றன, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், இனி அது பேச வேண்டுமானால் ஆமாம், வேண்டாமென்றால் இல்லை, எதைச் சொன்னாலும் காரணம் கேட்க மாட்டேன் என்றாள். "அக்கா இங்க இருக்கலாமா, வெளிய இருக்கட்டுமா?"

அக்கா பாதி எழுந்துவிட்டார். "இரு" என்றது பலகை.

முதல் சொல் 'மடையன்'. ஆமாம். 'ஜன்னல்', ஆமாம். 'சூடு', இல்லை. 'மழை', இல்லை. 'அம்மா', இல்லை. அந்தச் சொல்லுக்கு அக்கா தலையைத் தூக்கினார். அவர்கள் அம்மா போய் மூன்று வருடமாகிறது என்று ரயில் நிலையத்துக்குத் திரும்பும் வழியில்தான் எங்களுக்குச் சொன்னார். 'போதும்', இல்லை. 'இறக்கு', இல்லை. 'அக்கா', ஆமாம். ஒவ்வோர் அழுத்தலுக்கும் பொத்தானின் ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு எரிந்து அணைந்தது. என் மனைவி ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தாள். பதினான்காவது சொல் 'வலி', பழைய வரிசையில் ஆறு அழுத்தல். எழுநூற்றுப் பதினாறு வரிகளில் இருநூற்றுக்கும் மேல் இந்த ஒரு சொல்.

"இல்லை" என்றது பலகை.

அக்கா எழுந்தார். "ஏன்டா இல்ல? வலிச்சா சொல்றதுக்குத்தானேடா இந்த எழவைக் கட்டி வச்சிருக்கு? ரெண்டே அழுத்தல்ல வர்ற மாதிரி எழுதிக் கொடுத்திருக்கேன். மத்தியானமெல்லாம் வலிச்சிருக்கு, ஒரு வார்த்தை சொல்லல நீ."

விரல் மெதுவாக அசைந்தது. "சொல்." நீண்ட இடைவெளி. "முடிந்தது."

"யார்கிட்ட சொன்ன?"

கார் ஒன்று ஜன்னலுக்கு வெளியே பின்னால் நகர்ந்து, சரியாக நிற்காமல், மறுபடி முன்னால் போய், மறுபடி பின்னால் வந்தது. கிரேன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "சரி, இருக்கட்டும்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "ஆனா தாங்கலன்னா ரெண்டு அழுத்து. நான் கடையை விட்டுட்டு வந்துடறேன்."

"சரி" என்றது பலகை.

அதன் பிறகு விரல் ஆறு முறை அழுத்தியது. பச்சை விளக்கு ஆறு முறை எரிந்தது. பலகை பேசவில்லை. பத்தொன்பது வரிசைகளும் அதற்குள் எனக்கு மனப்பாடமாகியிருந்தன. அது என்ன சொல் என்று எனக்குத் தெரியும். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அவளுக்கும் தெரியும் என்று தெரிந்தது. அக்கா, "என்ன, கை நடுங்குதா?" என்று அந்த விரலைப் பிடித்து நீவிவிட்டார். நாங்கள் வாய் திறக்கவில்லை.

மிச்சம் ஐந்து சொற்களுக்கும் இல்லை. என் மனைவி மடிக்கணினியை மூடப்போனபோது பலகை மறுபடி பேசியது.

"எழுது." பிறகு, "வேண்டாம்."

அக்காவுக்குப் புரியவில்லை. "என்னடா எழுத வேண்டாம்?"

"பதிவை" என்றாள் என் மனைவி. "இதையெல்லாம் பதிவுல எழுத வேண்டாம்ங்கறார். அப்படித்தானே?"

"ஆமாம்" என்றது பலகை.

நாங்கள் புறப்படும்போது கிரேன் பழைய வரிசையில் 'ஜன்னல்' என்று அழுத்திப் பார்த்தார். பலகை பேசவில்லை. "அது இன்னும் வரலைங்க. ஒரு வாரம் ஆகும்" என்றாள். ரயிலில் வரும்போது கத்தரியைக் கூப்பிட்டு விவரம் சொன்னாள். "ரெண்டுல எது செல்லும்னு நாம ஏன் முடிவு பண்ணணும்? எழுதறவங்களே சொல்லட்டும். நான் அந்தப் பகுதியை எழுதறேன். நீ சோதிச்சுப் பாரு" என்றான். "ஆமா, நிஜமாவே உன் வீட்டுக்காரரை மடையன்னு சொன்னாரா?"

"ஒம்பது அழுத்தல்" என்றாள்.

பதிப்பு 4.1 ஏப்ரல் 3, வியாழக்கிழமை, காலை ஆறு ஐம்பதுக்கு வெளியானது. ஒரே பெயருக்கு இரண்டு விதி இருந்தால் பார்சர் இப்போதும் பிழை என்றே சொல்லும். கோப்பின் தலைப்பில் ஒரு வரி சேர்த்தால், எந்தப் பெயருக்கு எந்த விதி செல்லும், அல்லது இரண்டுமே செல்லுமா என்பதைக் கோப்பை எழுதுகிறவரே குறித்துக்கொள்ளலாம். 1187 முடிந்ததாகக் குறிக்கப்பட்டது. கிரேனின் கோப்பில் இருந்த பத்தொன்பது பழைய விதிகளில் மூன்று இப்போது பேசுகின்றன, பதினாறு பேசுவதில்லை. அந்தப் பதினாறையும் பதிவில் எழுதுவது நிறுத்தப்பட்டது. பதினான்கு மாதப் பதிவை அக்கா அவர்கள் வீட்டிலும் என் மனைவி எங்கள் வீட்டிலும் அழித்தார்கள். கட்டத்தாளை நான் கிழித்துப் போட்டேன். வேறு பிரதி இல்லை.